பின்மூலைக் கண்டக்டர்

"வரட்டும்… வரட்டும்… வரட்டும்… அட, நல்லா வாய்யா! மாமியார் வீட்டுக்குள்ள நுழையற மாதிரி என்ன தயக்கம் உனக்கு?"

பின்னோக்கி வந்துகொண்டிருக்கும் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே அதோடு சேர்ந்து நடக்கிறார் ஹாரன்காரர். வாய் கத்துவது டிரைவருக்குக் கேட்காது, எஞ்சின் விழுங்கிவிடும். கேட்பது தட்டல் மட்டும்தான். தகரத்தில் விழுகிற அடி கம்பி, இருக்கை, தரை என்று ஓடி டிரைவரின் முதுகுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பணிமனையின் சட்டம் ஒரே வரி: தட்டல் விழும்வரை வரலாம், தட்டல் நின்றால் நிற்க வேண்டும். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது கையை எடுக்கிறார். பேருந்து நிற்கிறது. டிரைவர் இறங்கி, இவர் இருக்கும் திசையைக்கூடப் பார்க்காமல் தேநீர்க் கடைக்குப் போகிறான்.

"பாத்தியா? ஒரு வார்த்தை கிடையாது. பின்னாடி நின்னவன் மனுஷனா, தூணான்னு ஒரு பார்வை கிடையாது" என்று சுவரிடம் முறையிட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார்.

இந்த வேலைக்கு வந்த பிறகும் டிரைவர் சட்டையை அவர் கழற்றவில்லை. அதன்மேல் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டையை, "பூசணிக்காய்க்கு எதுக்கு இத்தனை பளபளப்பு" என்று இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறார். கைக்கடிகாரத்தின் முகம் இன்னும் மணிக்கட்டின் உள்பக்கம்தான் இருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையைத் திருப்பாமல் மணி பார்ப்பதற்காகக் கட்டிய பழக்கம். இப்போது பிடிக்க ஸ்டியரிங் இல்லை. யாராவது மணி கேட்டால் கையை முன்னால் நீட்டி, காற்றில் ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்து, அப்புறம்தான் சொல்வார். மற்றவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் அவருடைய கால் தரையில் பிரேக்கை மிதித்தபடியே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த மனைவியின் செருப்பு அதனால் இரண்டு முறை அறுந்திருக்கிறது.

ஹாரன்காரர் என்ற பெயர், ஓட்டிய காலத்தில் அவர் ஹாரனையே தொடாததால் வந்தது. தொட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிற லாரியே ஒதுங்கும்.

கோபம் என்பது அவருக்கு வந்து போகிற விருந்தாளி இல்லை, வீட்டோடு இருக்கிற சொந்தம். ஆனால் அந்தக் கோபத்துக்கெல்லாம் தாய்க்கோபம் ஒன்று உண்டு. கண்டக்டர்களை எடுத்த கோபம்.

ஒருநாள் காலையில் எல்லாப் பேருந்துகளிலும் கதவருகே ஒரு டப்பா முளைத்திருந்தது. பயணி அட்டையைக் காட்டினால் 'கீ' என்று கத்தும். அவ்வளவுதான், கண்டக்டர்கள் வீட்டுக்குப் போனார்கள். மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து அதன் பெருமையைச் சொன்னபோது ஹாரன்காரர் எழுந்தார்.

"சார், இந்த டப்பா டிக்கெட் குடுக்கும், சரி. பின்மூலைய யாரு பாக்கறது? இதுவா தலைய வெளிய நீட்டிப் பாக்கும்?"

"அதான் கண்ணாடி இருக்கே" என்றார் மேனேஜர், பேருந்தை வாழ்நாளில் ஓட்டியறியாத நிம்மதியோடு.

பேருந்தின் கதவுப் பக்கம், பின் சக்கரத்துக்கு அருகே, எந்தக் கண்ணாடியிலும் விழாத ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு ஆள் நின்றாலும் தெரியாது, சைக்கிள் வந்தாலும் தெரியாது. கண்டக்டர் படியில் நின்று அந்த மூலையைப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் பக்கத்தகரத்தில் இரண்டு தட்டு. அந்த இரண்டு தட்டு விழுந்தால் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம். இனி அதைத் தட்ட ஆளில்லை என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. அநியாயம் என்பது பெரும்பாலும் இப்படித்தான், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே நடக்கிறது.

மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் ஹாரன்காரர் தானே ஒரு நியமனம் செய்தார். ஸ்டியரிங் பக்கத்து முன்பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி, "பின்மூலை உன் பொறுப்பு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னது கடவுளிடம்.

"கடவுளைப் போயா கண்டக்டரா போடுவீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டார். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். நாள் முழுக்கச் சூட்டில் நின்றும் சூடாகாத மனுஷி.

"ஏன், என்ன குறைச்சல்? லீவு கேக்க மாட்டாரு. யூனியன் கிடையாது. டப்பாவ வச்சு அவரை எடுக்கவும் முடியாது."

அன்றிலிருந்து ஒரு காலையும் தவறியதில்லை. இரண்டு தட்டு, ஒரு வாக்கியம். கண்ணாடியில் விழாத அந்த மூலையை அவர் திரும்பிப் பார்த்ததில்லை. நம்பிய கண்டக்டரைத் திரும்பிப் பார்ப்பது அவமரியாதை.

அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்தது. நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுக்கிறார், கதவுப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம். இறங்கி ஓடினால், சைக்கிளோடு ஒரு பெண்பிள்ளை கீழே கிடக்கிறாள். எழுந்தாள். முழங்கையைத் துடைத்தாள். "கண்ணு இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு, கோணிப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே போய்விட்டாள். ஹாரன்காரர் அவள் விழுந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இத்தனைக்கும் அவள் வந்தது பின்மூலையிலிருந்து இல்லை. பக்கத்தில், நேராக, அவருடைய கண்ணே பார்த்திருக்க வேண்டிய இடத்தில். யாரும் புகார் செய்யவில்லை. அவரேதான் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு மிஷினில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெளிச்சப் புள்ளி வரும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினார், அமுக்கினார், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை.

"டாக்டரம்மா, மிஷினு நின்னுபோச்சு போல."

"இல்லீங்க, வந்துட்டுத்தான் இருக்கு" என்றார் டாக்டர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கதவுப் பக்கத்துப் பார்வையின் ஓரம் முழுக்க அணைந்துவிட்டிருந்தது. இனி திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். எப்போதிலிருந்து இப்படி என்று ஹாரன்காரர் கேட்டார். வலி இல்லாமல் வருகிற வியாதி, நாள் சொல்ல முடியாது, ரொம்ப காலமாக இருக்கலாம் என்றார் டாக்டர். பேருந்தை விட்டு இறக்கிவிட்டார்கள்.

அன்றே கடவுளோடு பேச்சு நின்றது.

டிரைவரும் கண்டக்டரும் சண்டை போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒரே வண்டியில் போவார்கள், ஒரே கடையில் சாப்பிடுவார்கள், முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். விசிலும் தட்டலும் மட்டும் நடக்கும், இல்லாவிட்டால் வண்டி ஓடாது. ஹாரன்காரர் அதையும் நிறுத்திவிட்டார். மனைவி சாயங்காலம் அறை மூலையில் உட்கார்ந்து கண்ணை மூடி வேண்டினால், இவர் அடுத்த அறையில் தொலைக்காட்சிச் சத்தத்தை ஏற்றுவார். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஜாடையில் வரும்.

"சில பேருக்கு ஒரே ஒரு மூலையத்தான் குடுத்தோம். அதையும் பாக்கத் துப்பில்ல. கேக்கறவங்க கேட்டுக்கட்டும்!"

ஆறுதல் சொல்ல மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. வாசலிலேயே ஆரம்பித்தான்: "கவலைய விடுங்க மாமா. மேல இருக்கவர் பாத்துப்பாரு."

"என்னத்தப் பாப்பாரு? அவர் பாக்காததாலதான்யா என்னை இறக்கிவிட்டாங்க!"

"அப்படிச் சொல்லாதீங்க. நமக்கு அவ்வளவுதான் குடுத்து வச்சது. சரி, நான் அவசரமா போகணும்…"

"பாத்தியா, நீ போகணும்! உனக்குப் போகணும்னா அவர் பாத்துப்பாரா? நான் அவரைத் திட்டுவேன், எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கு. உன் வேலைய அவர் தலையில கட்டிட்டுப் போறதுக்கு நீ யாரு?"

மச்சான் வைத்துவிட்டுப் போன ஆப்பிள் பொட்டலத்தை இரண்டு நாள் அவர் திறக்கவில்லை. இந்த இடத்தில் அவர் பக்கம்தான் நியாயம் என்று சொல்லாமல் இருக்க முடியாது. அடுத்தவர் கஷ்டத்துக்கு முன்னால் கடவுளை நிறுத்திவிட்டுத் தாங்கள் பின்வாசல் வழியாக நழுவுகிறவர்களை என்ன செய்தால் தகும்?

மனைவியின் கேள்விதான் அவரைத் தைத்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "எப்பலேருந்து தெரியலைன்னு டாக்டருக்கே தெரியல. உங்களுக்கும் தெரியல. அந்தப் பக்கம் கண்ணே இல்லாமதான் இத்தன நாள் ஓட்டியிருக்கீங்க. ஒரு எறும்பு சாகல. அப்ப யாருங்க பாத்துக்கிட்டிருந்தது?"

ஹாரன்காரருக்கு ஒரு நிமிஷம் வாய் அடைத்தது. அடுத்த நிமிஷம் இன்னும் பெரிதாகத் திறந்தது.

"பாத்தா மட்டும் போதுமா? விசில் அடிக்கணும்ல! 'டேய், உனக்குக் கண்ணு போகுதுடா'ன்னு ஒரு தட்டு தட்டணும்ல! சத்தமே இல்லாம இருந்தா என்னன்னு எடுத்துக்கறது? ஆளு போயிட்டாருன்னுதான எடுத்துக்கணும்?"

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் பணிமனையில் வண்டிகளுக்குப் பின்னால் நின்று தட்டுகிற வேலை வந்தது. பாதை காட்ட நேர்பார்வை போதும், கழுத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மேனேஜருக்கு மனமில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுக்குத்தான்" என்றார். அதுவும் பழைய ஆட்கள் எல்லோரும் கேட்கும்படி, முற்றத்தில் நின்று. இந்தப் பணிமனையைத் தவிர வேறு இடம் தெரியாத மனிதர் அவர். வீட்டில் உட்கார்ந்தால் ஜன்னலையே பேருந்தின் முன்கண்ணாடியாக நினைத்துத் தெருவைத் திட்டிக்கொண்டிருப்பார். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

பேருந்தின் பக்கம் நல்ல பார்வை, முற்றத்தின் பக்கம் இருண்ட பார்வை என்று நிற்பார். அந்தப் பக்கம்தான் கேட். மற்ற வண்டிகள் உள்ளே நுழைவது அங்கிருந்துதான். அதனால் இரண்டு தட்டுக்கு ஒருமுறை கழுத்தை முழுசாகத் திருப்பி, காக்கை மாதிரி பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்ற பயம் அந்தக் கழுத்தில் இருந்தது. முன்பு அது இருந்ததில்லை.

லாரிக்காரம்மா வந்தது இந்தச் சமயத்தில். ஊர் ஊராகச் சரக்கு லாரி ஓட்டிவிட்டு, நடுவயதில் பேருந்துக்கு மாறிய பெண். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். ஆனால் பின்னால் நிற்கிற எவனையும் நம்ப மாட்டார். தட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, சுவரைத் தானே பார்த்துவிட்டுத் திரும்ப ஏறுவார்.

"என்னம்மா, நான் இங்க என்ன ஈ ஓட்டவா நிக்கறேன்?"

"கோச்சுக்காதீங்கண்ணே. லாரிக்குக் கிளீனர்னு ஒருத்தன் இருப்பான். தட்டிட்டே இருப்பான், பாதியில டீ குடிக்கப் போயிடுவான். நாம நம்பி நின்னுட்டிருந்தா விடியற வரைக்கும் நிக்க வேண்டியதுதான். எனக்குப் பழகிடுச்சு."

மாதக் கடைசிக்கு முந்தின வாரம், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இறங்கிப் பார்க்க நேரமில்லை. லாரிக்காரம்மா அன்றைக்கு முதல்முறையாக இறங்காமலே பின்னால் எடுக்கிறார். ஹாரன்காரர் நனைந்தபடி தட்டிக்கொண்டு வருகிறார். சுவர் நெருங்கியது. கையை எடுத்தார்.

வண்டி நிற்கவில்லை.

தட்டல் நின்றதும், மழைக்கு ஒதுங்கப் போய்விட்டார் என்று அந்த அம்மாள் நினைத்துவிட்டார். கிளீனர்களால் வந்த வினை. தன் கணக்கில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும் என்று மெல்ல வந்தார். ஹாரன்காரர் பக்கவாட்டில் தாவினார். பின்விளக்கு சுவரில் மோதி உடைந்து சிவப்புக் கண்ணாடி தரையெல்லாம் சிதறியது.

குடை பிடித்துக்கொண்டு மேனேஜர் வந்த வேகத்தைப் பார்த்தால், இதற்காகவே காத்திருந்தாரோ என்று தோன்றும். விளக்கைப் பார்த்தார். ஹாரன்காரரின் கண்ணைப் பார்த்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். கண்ணு தெரியாத ஆளை நிறுத்தினா இதான் நடக்கும். வந்து நின்னாரேன்னு பாவம் பாத்தேன்…"

டிரைவர்கள் சுற்றி நின்றார்கள். தினமும் இவர் தட்டலை நம்பிப் பின்னால் வந்த முதுகுகள்தான் அத்தனையும். எல்லாக் கண்களும் தரையில் கண்ணாடித் துண்டு பொறுக்கின. இது பொறுக்கக்கூடிய காட்சியா?

ஹாரன்காரர் மேனேஜரைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு டிரைவர் ஜன்னலுக்குப் போனார். கத்தினார். அந்தக் குரலுக்கு மழைச் சத்தம் ஒதுங்கியது.

"ஏம்மா! தட்டறது நின்னுச்சுல்ல? காதுல விழுந்துச்சா இல்லையா? நான் சும்மா இருந்தா நான் போயிட்டேன்னா அர்த்தம்? பின்னாடி செவுரு இருக்குன்னு அர்த்தம்! இவ்வளவு தூரம் கூடவே தட்டிக்கிட்டு வந்தவன், கடைசி ஒரு முழத்துல விட்டுட்டா போவான்? உன்னைக் காப்பாத்தத்தாம்மா கைய எடுத்தேன்!"

லாரிக்காரம்மா கதவைத் திறந்து இறங்கினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி தானாக ஹாரன்காரர் கண்மேல் போய் உட்கார்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய சௌகரியம்.

"சார், அண்ணன் சரியான இடத்துல நிறுத்திட்டாரு. தட்டறது நின்னது எனக்கு நல்லாவே கேட்டுது. நான்தான் அவர் போயிட்டாருன்னு நினைச்சு வந்துட்டேன். எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க."

மேனேஜர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். இரண்டு முறை இருமினார். "மழை நேரத்துல எல்லாரும் பாத்து வாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மாதக் கடைசியைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்த ஹாரன்காரர் தலையைக்கூடத் துவட்டவில்லை. நடந்ததை ஆரம்பத்திலிருந்து நடித்துக் காட்டினார். மேனேஜர் மாதிரி குடை பிடித்தார், மற்ற டிரைவர்கள் மாதிரி தரையைப் பார்த்தார். பொறுக்கமுடியாத கோபம் அவருக்கு இன்னும் பாக்கி இருந்தது.

"விட்டேனா நான்? ஜன்னல்கிட்ட போய் நின்னேன். ஏம்மா, நான் சும்மா இருந்தா நான் போயிட்டேன்னா அர்த்தம்? பின்னாடி செவுரு…"

அங்கே நின்றுவிட்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

மனைவி ஒரு சட்டைக் காலரை அமுக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"ம். அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். அவ்வளவுதான். சாப்பாடு போடு."

சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை, அதிலேயே மனைவிக்குப் பாதி புரிந்திருக்கும். பிறகு மனைவி மூலையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடியபோது, அடுத்த அறையில் தொலைக்காட்சி ஓடியது. ஆனால் சத்தமில்லாமல், வெறும் படமாக ஓடியது.

மறுநாள் மாலை மழை விட்டிருந்தது. முதலில் வந்தது லாரிக்காரம்மாவின் வண்டிதான், புது விளக்கோடு. அந்த அம்மாள் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இறங்கிப் பாக்கட்டுமா, வேண்டாமா?"

"ஏன், நேத்து ஒரு விளக்கு பத்தலையா? உக்காரும்மா பேசாம!"

ஹாரன்காரர் தன் இடத்தில் போய் நின்றார். கழுத்தை ஒருமுறை முழுசாகத் திருப்பி, கேட் இருந்த பக்கம் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை. திரும்பியவர், தகரத்தில் வைக்கப் போன கையைப் பாதியில் நிறுத்தினார். கோபம் இன்னும் முழுசாகத் தீராத முகம்தான். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கையைக் கொண்டுபோய், பார்வை இல்லாத பக்கத்துத் தன் தோளில், முன்பலகையில் தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டினார்.

அப்புறம் தகரத்தைத் தட்டத் தொடங்கினார்.